மதுரையில் செவித்துணைக் கருவி வாங்க நல்ல இடம் எது?

வணக்கம். அம்மாவுக்கு வயது 72. இரண்டு காதுகளிலும் நரம்பு சார்ந்த கேட்புக் குறைவு, ஏறத்தாழ 60 டெசிபல். இரு காதுக்கும் கருவி வேண்டும் என்று காது மூக்குத் தொண்டை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

விசாரிக்கப் போன ஒரு கடையில் கேட்புச் சோதனை முடிவான ஆடியோகிராமைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எடுத்த எடுப்பில் ‘பதினாறு சேனல், இன்று மட்டும் தள்ளுபடி’ என்றார்கள். காதுக்கு வாங்குகிறோமா, தீபாவளிக்குத் துணி வாங்குகிறோமா என்று அம்மாவே கேட்டுவிட்டார்!

கே.கே. நகர், அண்ணா நகர், பைபாஸ் சாலைப் பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியோலஜிஸ்ட்தான் (செவித்திறன் நிபுணர்) பொருத்துகிறாரா, விற்பனையாளரா? காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறை அருகே எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்து கருவியைச் சரிசெய்யும் சோதனை மதுரையில் எங்காவது உண்டா? எனக்கு முக்கியமாகத் தெரிவது இதுதான். அமைதியான அறையில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் கேட்கும். மிக்சி ஓடும்போதும் நாலு பேர் சேர்ந்து பேசும்போதும்தான் அதன் குணம் தெரியும். அதனால் சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருகிறவர்கள் யார்?

வேறு இடத்தில் சரிசெய்ய முடியாதபடி கருவியின் மென்பொருளைப் பூட்டிக் கொடுப்பவர்களும் உண்டாம், அதையும் சொல்லுங்கள். அம்மாவுக்கு விரல் மூட்டுவலி, குட்டி பேட்டரி மாற்ற வராது. சார்ஜ் செய்யும் வகை எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கிறது?

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், காதில் மாட்டும் ஒலிபெருக்கிகளை மட்டும் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம்.