‘நல்லா இருக்கு தம்பி’ என்றே சொல்கிறார்கள், ஆப் புரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈசூன்வாசி
கிளினிக்கில் நேரம் பதிவு செய்யும் ஆப். தமிழ்ப் பக்கம் தயார். 60 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்துச் சோதிக்கணும். 5 பேர் போதுமா? கடைசியில் எஸ்யூஎஸ் (பயன்படுத்த எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் கேள்வித்தாள்) படிவம் கொடுக்கலாமா? கருத்துக் கேட்டால் எல்லாரும் ‘நல்லா இருக்கு தம்பி’தான்.

விரல்நுனி
அது மரியாதைக்குச் சொல்வது. கருத்துக் கேட்காதீங்க, வேலை கொடுங்க: “செவ்வாய் காலையில முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்கணும், போன்ல ஏற்பாடு பண்ணுங்க.” பொத்தானில் உள்ள சொல் உங்கள் வாயில் வரவே கூடாது. ‘முன்பதிவு’ என்று சொல்லிவிட்டால் அந்த எழுத்தைத் தேடித் தட்டிவிடுவார். புரிந்து தட்டினாரா என்று தெரியாது.

“இதைத் தட்டலாமா?” என்று கேட்டால், “நான் பக்கத்துல இல்லைன்னா என்ன செய்வீங்க?” என்று திருப்பிக் கேளுங்க. முடிந்ததும் எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கிளினிக் என்று அவரே சொல்லணும். கடைசி ‘உறுதி’ திரையைத் தட்டாமலே வேலை முடிந்தது என்று போனை வைத்துவிடுவார்கள். பெரிய கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

மகளைப் பக்கத்தில் உட்காரவிடாதீங்க, விரல் நீளும். வீட்டில் மகள்தான் பதிவு செய்கிறார் என்றால் அவரைத் தனியாகச் சோதிங்க.

கணக்குப்பிள்ளை65
அந்த 5, பயன்பாட்டு ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது. ஒரு சிக்கல் ஒருவரிடம் தென்பட 31% வாய்ப்பு என்றால், 5 பேரில் ஒருவரிடமாவது தென்பட சுமார் 84%. பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கலென்றால் 41%தான். 5 பேர், திருத்தம், மறுபடி புதிதாக 5 பேர் என்று போங்க. தமிழ் சரளமாகப் பேசி, படிக்கத் திணறுபவர்கள் தனிக் குழு.

எஸ்யூஎஸ்ஸில் 10 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை வட்டமிடணும். ஒற்றைப்படை வரிசை வாக்கியங்களில் விடையிலிருந்து 1 கழிக்கணும், இரட்டைப்படையில் 5லிருந்து விடையைக் கழிக்கணும், கூட்டி 2.5ஆல் பெருக்கணும். இரட்டைப்படை எல்லாம் எதிர்மறை வாக்கியங்கள். படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வட்டமிட்டால், எந்த எண்ணானாலும் சரியாக 50 வரும்! அப்படி வட்டமிட்ட படிவத்தை ஒதுக்கிடுங்க. இந்த வயதினருக்கு, ஒவ்வொரு வேலை முடிந்ததும் ‘எவ்வளவு சுலபம்?’ என்று 1 முதல் 7 வரை ஒரே கேள்வி போதும்.

எழுத்துரு
சொந்த போனைக் கொண்டுவரச் சொல்லுங்க. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ‘உறுதிப்படுத்து’ பாதியில் வெட்டுப்பட்டு ‘உறுதிப்ப…’ என்று நிற்கும். ‘சமர்ப்பி’க்குப் பதில் ‘அனுப்பு’ என்று போடுங்க. திரையைப் பதிவு செய்ய முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்க. அடையாள அட்டை எண் கேட்கும் திரையில் பொய் எண் ஒன்றை அச்சடித்துக் கையில் கொடுத்திடுங்க, லா.