சேலஞ்சர் ஸ்காட் பேக்கா, மஸ்டாங் ஜிடியா? முடிவெடுக்க உதவி தேவை

வணக்கம். இடம் டென்னசி, நாக்ஸ்வில். மாதக் கடைசிக்குள் 2019 மாடல், மேனுவல் கியர் வண்டி ஒன்றை வாங்கியாக வேண்டும். தினசரி ஓட்டம், பின்சீட்டில் குழந்தை இருக்கை, வார இறுதியில் 11 மைலுக்கு 318 வளைவு கொண்ட யுஎஸ் 129 மலைச்சாலை.

டாட்ஜ் சேலஞ்சர் ஸ்காட் பேக், ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, செவர்லே கமாரோ எஸ்எஸ் மூன்று கார்களையும் ஓட்டிப் பார்த்தாச்சு. வளைவில் கமாரோ எஸ்எஸ்தான் ராஜா. ஆனால் ஜன்னல் குறுகல், தோளுக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை, பின்சீட்டும் பேருக்குத்தான். அதை விட்டாச்சு. மஸ்டாங் ஜிடி (460 குதிரைத்திறன்) நன்றாகத் திரும்புகிறது. பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைத்தால் முன்சீட்டில் கால் நீட்ட இடமில்லை.

சேலஞ்சரில் இடம் தாராளம். 6.4 லிட்டர் ஹெமி எஞ்சின், 485 குதிரைத்திறன், 1970 மாடலின் அதே முகம். மனசு அங்கேதான் நிற்கிறது. சிக்கல் எடை: 1,900 கிலோவை ஒட்டி, டயரோ நான்கும் 245 மி.மீ. அகலம். இறுக்கமான வளைவில் மூக்கு வெளியே தள்ளுகிறது, பாடி சாய்கிறது. ஸ்போர்ட் மோடிலும் அதே கதை. 305 டயரோடு வரும் வைட்பாடி (அகலமான பாடி கொண்ட ஸ்காட் பேக்) பட்ஜெட்டுக்கு எட்டாது.

சாதா ஸ்காட் பேக்கில் 9.5 இன்ச் அகல ரிம், 275 டயர், தடிமனான ஸ்வே பார் (பாடி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டவர்கள் சொல்லுங்கள்: வளைவில் மஸ்டாங் ஜிடிக்குப் பக்கத்திலாவது வருகிறதா?