ஃபிளட் ஃபில்: வெள்ளமா, படர்வா?

மைக்ரோமவுஸ் (புதிர்ப்பாதையில் தானாக வழி தேடி ஓடும் சிறு ரோபோ எலி) கையேட்டின் சொற்பட்டியலில் இரண்டு சொற்கள் இடிக்கின்றன. வால் ஃபாலோவருக்குச் 'சுவரொட்டி' என்றும் ஃபிளட் ஃபில்லுக்கு 'வெள்ள நிரப்பு' என்றும் போட்டிருக்கிறோம். முதலாவதை இன்றே எடுத்துவிடலாம். சுவரொட்டி என்றால் போஸ்டர். கறிக்கடையில் ஆட்டு மண்ணீரல்! இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போகிற நடைதான் இது, 'சுவர்தடவி' போதும். 1980 லண்டன் யூரோமைக்ரோ போட்டியில் இலக்கை நடுவுக்கு மாற்றியதே இந்த வகை எலிகளுக்கு வைத்த ஆப்புதான். நடுச்சுவர்கள் வெளிச்சுவரோடு சேராவிட்டால் அது ஓரத்தையே சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டாவதுதான் சிக்கல். படம் வரையும் மென்பொருளில் வண்ணம் கொட்டுவதற்கு 'வெள்ள நிரப்பு' பொருந்தும். எலி செய்வது வேறு. 16×16 கட்டங்களில் நடு நான்குக்கு 0. அவற்றைச் சுவரின்றித் தொடும் கட்டங்களுக்கு 1, அடுத்தவற்றுக்கு 2 என்று புறப்படும் மூலைவரை எண் பரவும். எலி சிறிய எண்ணைப் பார்த்து நகரும். இதில் எதுவும் நிரம்புவதில்லை.

என் முன்மொழிவு: 'தொலைவெண் படர்வு'.

* * *

> தொலைவெண் படர்வு

'படர்வு' எனக்குப் பிடித்திருக்கிறது. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழையையும் அந்தச் சொல்லாலேயே விளக்கிவிடலாம். எலி 5-இல் நிற்கிறது, முன்னால் 4. அகச்சிவப்பு உணரி அங்கே சுவரைக் காட்டுகிறது. திறந்த பக்கங்கள் இரண்டிலும் 6. இப்போது எலி நிற்கும் கட்டத்தின் எண் 7 ஆக வேண்டும்: திறந்த அண்டைகளில் சிறியதோடு 1. அதோடு நிறுத்தினால் போச்சு. அந்த 6-கள் இந்த 5-ஐ நம்பி வந்தவை. அவற்றையும் சரிபார்க்க வேண்டிய கட்டங்களின் அடுக்கில் போட்டுச் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எலி 6-க்குப் போய், சிறிய எண் எதுவும் கிடைக்காமல் நின்றுவிடும். இதற்கு 'மறுபடர்வு' என்று வைக்கலாம்.

இன்னொரு பிழை, சுவரை ஒரு கட்டத்தின் பக்கம் மட்டும் குறிப்பது. ஒரே சுவர் இரண்டு கட்டங்களுக்கும் சொந்தம். மறுபக்கம் குறிக்காவிட்டால் 4 அந்தச் சுவரைத் தாண்டிக் கசிந்து மறுபடி 5 போட்டுவிடும். (இங்கே மட்டும் வெள்ளத்தை நினைத்தால் தப்பில்லை.)

* * *

படர்வு சரி, 'தொலைவு' வேண்டாம் ஐயா.

எலி சுவர்களைக் கண்டறிந்து வழி தேடும் தேடல் ஓட்டத்துக்குக் கட்ட எண்ணிக்கை போதும். பெரிய எண் 252-ஐத் தாண்டாது என்பதால் கட்டத்துக்கு ஒரு பைட் போதும், 255-ஐ 'இன்னும் படரவில்லை' என்பதற்கு ஒதுக்கிவிடலாம். கண்டுபிடித்த வழியில் விரைந்து ஓடும் வேக ஓட்டத்தில் கதை மாறுகிறது. 10 கட்டம் வளைந்து வளைந்து போவதைவிட 12 கட்டம் நேராகப் போவது விரைவாக முடியலாம்; திருப்பத்தில் வேகம் தணிகிறதே. அப்போது படர்வது தொலைவல்ல, நேரம். திருப்பத்தைக் கணக்கில் கொள்ள எண்ணைக் கட்டத்தில் வைக்காமல் இரு கட்டங்களுக்கு இடையிலான எல்லையில் வைப்பார்கள். உள்ளே இருப்பவை 480 எல்லைகள், 2 பைட் வீதம் 960 பைட். எலிக்குள் வைக்கும் ஆர்டுயினோ ஊனோ R3 கட்டுப்பாட்டுப் பலகையின் ராம் 2048 பைட்தான். கிட்டத்தட்ட பாதி இதற்கே போய்விடும்.

கட்டமோ எல்லையோ, தொலைவோ நேரமோ, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி எண்ணுக்குப் 'படரெண்', முறைக்கு 'எண்படர்வு' என்று பிரித்துக்கொள்வோமா?

* * *

பிரித்துக்கொள்வோம். பட்டியலில் ஏற்றிவிட்டேன்: சுவர்தடவி, படரெண், எண்படர்வு, மறுபடர்வு. 'வெள்ள நிரப்பு' வண்ணம் கொட்டுவதற்கே இருக்கட்டும்.