எண்ணெய்ப் பண்டம் உண்டால் வலது விலாவுக்குக் கீழே வலி

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52. இரவில் மட்டன் பிரியாணியோ பரோட்டாவோ உண்டால், சற்று நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே தொடங்கும் வலி வலது தோள்பட்டை வரை ஏறுகிறது, குமட்டலும் உண்டு. ரசம் சாதம் உண்ணும் நாட்களில் தொல்லையே இல்லை. ஓமநீர் கொடுத்தும் பயனில்லை. இது வாயுதானா?

பதில் 1: பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். கொழுப்பு சிறுகுடலை அடைந்ததும் சுரக்கும் ஒரு ஹார்மோன் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. அப்போது கல் ஒன்று அதன் வாயிலை அடைத்துக்கொண்டால் இத்தகைய வலி எழும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். உண்டபின் பித்தப்பை சுருங்கிவிடும் என்பதால் வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும்.

பதில் 2: எந்த வலியையும் வாயு என்று ஒதுக்குவது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. காய்ச்சலோ மஞ்சள் நிறக் கண்களோ தென்பட்டாலும், வலி மணிக்கணக்கில் தணியாவிட்டாலும், காலைவரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மேல்வயிற்று வலி இதயத்திலிருந்தும் வரலாம் என்பதால் இசிஜியும் எடுப்பது நல்லது.

கேட்டவர்: நன்றி. பித்தப்பையையே அகற்றச் சொன்னால் பிறகு செரிமானம் எப்படி நடக்கும்?

பதில் 1: பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேமித்து வைக்கும் இடம் மட்டுமே. அகற்றியபின் பித்தநீர் நேரே குடலுக்குச் செல்லும். சிலருக்குச் சில காலம் வயிற்றுப்போக்கு இருக்கும்.