புதுப்பிப்பு: அம்மாவின் தாடை வலி பல்வலி இல்லை, மாரடைப்பு

போன மாதம் கேட்டிருந்தேனே, அம்மாவுக்கு (62 வயது, சர்க்கரை உண்டு) படியேறினால் இடது தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது, பல் டாக்டரிடம் போகலாமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "நடந்தால் வந்து நின்றால் போகிற வலி என்றால் முதலில் இதயத்தைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் சரியாக இருந்தது.

நாங்கள் கிளம்புவதற்குள், மறுநாள் விடியற்காலை உட்கார்ந்த இடத்திலேயே வலி வந்துவிட்டது. நெஞ்சுவலி துளியும் இல்லை. ஃபேன் ஓடியும் முதுகெல்லாம் தெப்பமாக நனைந்திருந்தது, தொட்டால் சில்லென்று. குமட்டல் வேறு. "வாயுதான்டா, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்றார். கார் சாவியை எடுத்தவன், "நீங்களே காரில் கூட்டிப் போகாதீர்கள்" என்று இங்கே இன்னொருவர் எச்சரித்தது நினைவுக்கு வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

எதிர்பாராதது இதுதான்: முதல் ஈசிஜி நார்மல். நானாக இருந்தால் அப்போதே வீட்டுக்கு அழைத்து வந்திருப்பேன். டாக்டர் விடவில்லை. 3 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்த ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு குழாயில் அடைப்பு. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அதாவது அடைப்பை பலூனால் விரித்து, ஸ்டென்ட் (குழாய் மூடாமல் தாங்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வருவதுண்டாம், பெண்களுக்கும் அப்படித்தான் சில சமயம்.

இப்போது வீட்டில் இருக்கிறார். மாத்திரையை மறந்து என்னிடம் திட்டு வாங்குகிறார்.