அம்பாசடர் ஃப்யூஸ் பெட்டியில் 35: கண்ணாடிக்குப் பதில் பிளேடு போடுவது பற்றி

டெஸ்ட்லேம்ப்
பழைய வண்டி வயரிங் பகுதியில் மார்க்2_மதுரை நேத்து எழுதியது இது: "பழைய அம்பாசடருக்கு 35 ஆம்ப் கண்ணாடி ஃப்யூஸ் கிடைக்கலன்னா கவலையே படாதீங்க. 35 ஆம்ப் பிளேடு ஃப்யூஸ் போடுங்க, நம்பர் ஒண்ணுதான். வேக்கம் டியூபுக்கு மீன்தொட்டி டியூப் போதும்." இதுக்குக் கீழே வரிசையா நன்றி சொல்லியிருக்காங்க. அத்தனை பேரோட வண்டியும் புகையுறதுக்கு முன்னாடி எழுதிடறேன்.

இந்த வண்டிக்கு எலக்ட்ரிக்கல் சாமான் செஞ்ச கம்பெனி லூகாஸ். அவங்க கண்ணாடி ஃப்யூஸில் இருக்கிற 35 அது உருகுற அளவு. தொடர்ந்து தாங்குறது அதில் பாதி, சுமார் 17 ஆம்பியர். பிளேடில், அதாவது இப்போ வர்ற தட்டை பிளாஸ்டிக் ஃப்யூஸில், எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்குற அளவு. 35 பிளேடு 35 ஆம்பியரில் எரியவே எரியாது. 47 ஆம்பியர் ஓடினாக்கூட பத்து நிமிஷம் வரைக்கும் அது தாக்குப்பிடிக்கலாம். அந்த ஃப்யூஸைத் தாண்டிப் போற பச்சை வயர் என்ன சைஸ்? 14/0.30, அதாவது 0.30 மிமீ இழை பதினாலு. அதோட கணக்கு 8.75 ஆம்பியர். தடித்த 28/0.30 வயருக்கே 17.5 தான். ஃப்யூஸ் பத்திரமா இருக்கும், டேஷ்போர்டுக்குப் பின்னாடி வயர் வெந்து ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். போட வேண்டியது நீல நிற 15. மிஞ்சிப்போனா மஞ்சள் 20.

மார்க்2_மதுரை
வணக்கம் அண்ணே. என் பேரை எடுத்துப்போட்டுத் தனித் திரி ஆரம்பிச்சதுக்கு ரொம்ப நன்றி. ஒரே ஒரு கேள்வி. அந்த ஃப்யூஸில் என்ன அச்சடிச்சிருக்கு? 35. உத்தர்பாராவில் வண்டி செஞ்சவனுக்கும், அதுக்கு எலக்ட்ரிக்கல் செஞ்சு கொடுத்த சென்னை பாடி லூகாஸ் கம்பெனிக்காரனுக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும். 35னா 35தான்.

கோவை1489
டெஸ்ட்லேம்ப் சார் சொல்றது சரிங்க. கூட ஒண்ணு சேர்த்துக்கறேன். ஃப்யூஸை மாத்தறதுக்கு முன்னாடி அது ஏன் போச்சுன்னு பாக்கோணுங்க. ஃப்யூஸ் பெட்டியில A3ங்கிற முனைக்கு வெள்ளை வயர் உள்ளே வரும், A4 முனையில பச்சை வெளியே போகும். சாவி போட்டும் பிரேக் லைட்டு, இண்டிகேட்டர், வைப்பர், மீட்டர் நாலும் ஒண்ணாச் செத்துக் கிடந்தா அந்த இடம்தான். A4ல இருக்கிற பச்சை எல்லாத்தையும் கழட்டிட்டு, ஃப்யூஸ் இடத்துல 21 வாட் பல்பு ஒண்ணை மாட்டி, பச்சையை ஒவ்வொண்ணா திருப்பிச் சொருகுங்க. எதைச் சொருகும்போது பல்பு முழுசா எரியுதோ அந்த வயர் எங்கியோ பாடியில உரசுதுங்க. வைப்பரும் பிரேக்கும் ஆஃப்ல இருக்கோணும், இல்லாட்டி பல்பு சும்மாவே மங்கலா எரிஞ்சு குழப்பும்.

மார்க்2_மதுரை
கோவை சார், நல்ல வழி, மறுக்கல. ஆனா கேட்டதுக்குப் பதில் வரல. பெட்டியில 35, ஃப்யூஸுக்குள்ள இருக்கிற காகிதச் சீட்டுல 35, பிளேடுல 35. மூணும் எப்படி வேற வேற ஆகும்? இன்னொண்ணு, 15 போட்டா மழையில ராத்திரி நடுரோட்டுல எரிஞ்சு போயிரும். வைப்பரும் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே ஃப்யூஸ்ங்கிறதை மறந்துட்டாரு அண்ணே.

டெஸ்ட்லேம்ப்
மறக்கல. கணக்குப் போடுவோம். பிரேக் பல்பு 21 வாட் ரெண்டு, 42 வாட், 12 வோல்ட்டில் மூணரை ஆம்பியர். ஒரு பக்க இண்டிகேட்டர் முன்னும் பின்னும் இன்னொரு மூணரை. வைப்பர் ஓடும்போது மூணிலிருந்து நாலு. பெட்ரோல், டெம்பரேச்சர் மீட்டர் ரெண்டும் சேர்ந்து ஒண்ணுகூட வராது. மொத்தம் பன்னிரண்டுக்குள். 15 பிளேடு தாராளமா நிக்கும். அதுவும் எரிஞ்சா வைப்பர் லிங்க் துருப்பிடிச்சு இறுகியிருக்கு, இல்லைன்னா யாரோ ஏர் ஹாரனையும் ஃபேனையும் அந்தப் பச்சையில் கொக்கி போட்டிருக்கான். அதைக் கழட்டாம ஃப்யூஸை ஏத்துறது காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை உடைக்கிற கதை.

சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுத்துறவங்களுக்கும், செம்பு இழை கட்டுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 0.30 மிமீ செம்பு இழை ஒண்ணு சுமார் 13 ஆம்பியரில் உருகும். மூணு இழை முறுக்கினா கிட்டத்தட்ட 40. ஜிகினாவுக்குக் கணக்கே கிடையாது.

சாலிடர்_சாமி
35ஐப் பிடிச்சு ரெண்டு பேரும் தொங்குறீங்க. பழைய வண்டி எரியறது ஃப்யூஸால இல்லை, ஜாயிண்ட்டால. வயரைச் சீவி முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்ட்டு ஒரு வெயில்காலம் தாண்டினா பசை இளகி டேப் நழுவிடும். எல்லா ஜாயிண்ட்டுக்கும் ஈயம் வைங்க, மேலே ஹீட் ஷ்ரிங்க் போடுங்க, வேலை முடிஞ்சுது.

டெஸ்ட்லேம்ப்
ஓடற வண்டியில் தொங்குற வயருக்கு நடுவில் ஈயம் வைக்கக் கூடாது. உருகின ஈயம் இழைகளுக்குள் ஏறி இன்சுலேஷனுக்குள்ளேயும் போய் நிக்கும். அதுவரைக்கும் வயர் கம்பி மாதிரி விறைக்கும், அந்த விளிம்பில் அதிர்வுக்கு இழை ஒண்ணொண்ணா அறுந்து கடைசியில் ரெண்டு இழைதான் மிச்சம் நிக்கும். வயர் நுனியைப் பிடிக்கிற சரியான சைஸ் லக்கு, அதை நசுக்க சரியான கிரிம்பிங் பிளையர், ரெண்டும் வேணும். கொறடாவால் நசுக்கினதை நான் கிரிம்ப்னு சொல்ல மாட்டேன்.

சாலிடர்_சாமி
அப்படியா? லூகாஸ் புல்லட் கனெக்டர் இருக்கே, 4.7 மிமீ பித்தளை, அதோட நுனியில் ஓட்டை எதுக்கு இருக்கு? ஈயம் விடத்தான். ஈயம் கெட்டதுன்னா லூகாஸும் கெட்டவன்தான். ஃப்யூஸுக்கு மட்டும் லூகாஸ் சாமி, ஜாயிண்ட்டுக்கு லூகாஸ் ஆகாதா?

மார்க்2_மதுரை
அப்படிப் போடுங்க சாமி! போன வருஷம் பாயிண்ட் கேப் (டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் திறக்கிற இடைவெளி) சண்டையிலயும் இதே கதைதான். 0.014ல இருந்து 0.016 அங்குலம் வரைக்கும் புத்தகத்துல இருக்கும்போது, "0.015, அதுல மயிரிழை கூடினாலும் தப்பு"ன்னு மூணு நாள் எங்களைத் திட்டினவரு இவரு.

டெஸ்ட்லேம்ப்
பாயிண்ட் கேப்பை இங்கே இழுக்காதீங்க தம்பி. புல்லட்டுக்கு உள்ளே வைக்கிற ஈயம் வேற, நடுவயரில் வைக்கிற ஈயம் வேற. புல்லட் ரப்பர் ஸ்லீவுக்குள்ள இறுகி உட்காரும், வளையாது. சாமிக்கு இது தெரியாம இல்லை, தெரிஞ்சே கேட்கறார்.

நீலகிரி_செகண்ட்கியர்
வேக்கம், அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங்கை முன்னாடி இழுக்கிற இன்ஜினோட காத்து இழுப்பு, அதைப் பத்தி யாரும் பேசல. மீன்தொட்டி டியூப் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா போன மாசம் டெஸ்ட்லேம்ப் எழுதினதும் தப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் வேக்கத்தை கார்புரேட்டர் நிப்பிள்ல மட்டும்தான் போடணும்னார். மலையில வேக்கமே கம்மி. ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் (வேக்கம் மீட்டரோட பாதரச அங்குலம்) குறையும். சென்னையில ஐட்லிங்குல 18 அங்குலம் காட்டுற இன்ஜின் ஊட்டியில 11தான் காட்டும். வேக்கம் யூனிட்டில் 5-17-10னு குத்தியிருந்தா 5 அங்குலத்தில் ஆரம்பிச்சு 17ல முழுசா 10 டிகிரி இழுக்கணும். ஊட்டியில 17க்கு எங்கே போறது? அதனால நேரா மேனிஃபோல்டில், இன்ஜினுக்குக் கலவை போற குழாயில், எடுத்தா இருக்கிற வேக்கமாவது முழுசாக் கிடைக்கும்.

டெஸ்ட்லேம்ப்
வேக்கம் குறையுறது உண்மை. மேனிஃபோல்டில் எடுத்தா கூடுதலாக் கிடைக்கும்ங்கிறது பொய். கார்புரேட்டர் நிப்பிளோட ஓட்டை, மூடின திராட்டில் தட்டு விளிம்புக்கு ஒரு நூல் மேலே இருக்கு. ஐட்லிங்கில் தட்டு மறைக்கும், டியூபில் இழுப்பு இருக்காது. கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் தட்டு விலகி, ஓட்டை மேனிஃபோல்ட் பக்கம் வந்துடும். அதுக்கு மேலே ரெண்டு இடத்திலும் வேக்கம் ஏறக்குறைய ஒண்ணுதான். முழு மிதியில் ரெண்டும் செத்துப்போகும். வித்தியாசம் ஐட்லிங்கில் மட்டும். சந்தேகமா, டியூபைக் கழட்டி விரலை வச்சு, ஐட்லிங்கில் ஒருதரம், 1500ல ஒருதரம் பாருங்க.

மேனிஃபோல்டில் போட்டதில் நிஜமா கெடுற இடம் வேற. டியூபைக் கழட்டாம டைமிங் வைக்கறாங்க. ஐட்லிங்கில் வேக்கம் இழுத்த டிகிரியும் அந்தக் கணக்கில் சேர்ந்துடும். ஏத்தத்தில் மிதிச்சதும் வேக்கம் விழும், அந்த டிகிரியும் போகும், டைமிங் பின்னாடி கிடக்கும். வண்டி இழுக்காது, சைலன்சர் சிவக்கும், தண்ணி கொதிக்கும். உங்க மலையில செகண்ட் கியர்ல கொதிக்கிற வண்டியில் முதல்ல இதைப் பாருங்க.

இதைவிட மோசம், பிற்பாடு பிரேக் பூஸ்டர் ஏத்தின வண்டியில் அந்த பூஸ்டர் குழாயில் T வடிவ இணைப்பு (டீ) போட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு எடுக்கறது. டீ ஒன்வே வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் விழுந்தா, சேமிச்ச வேக்கம் டிஸ்ட்ரிபியூட்டரோட ரப்பர் டயஃப்ரத்தை இழுத்துப் பிடிச்சபடியே நிக்கும், மிதிச்சாலும் டைமிங் இறங்காது, இன்ஜின் தட்டும். டயஃப்ரம் கிழிஞ்சா பிரேக்குக்கு வச்சிருந்த வேக்கமும் அது வழியாப் போயிடும்.

நீலகிரி_செகண்ட்கியர்
டைமிங் தெரியாதவன் வச்சா எந்த நிப்பிளும் கெடும். அது மேனிஃபோல்டோட குத்தம் இல்லையே. டிராஃபிக்கில் நிக்கும்போது ஐட்லிங்கில் டைமிங் முன்னாடி இருந்தா இன்ஜின் கூலாத்தான் இருக்கும். அதைப்பத்தி ஒரு வரிகூட எழுத மாட்டேங்கறீங்க.

கோவை1489
இதுல நடுவுல ஒண்ணு சொல்லிடறேங்க. எந்த நிப்பிள்னு சண்டை போடறதுக்கு முன்னாடி டயஃப்ரம் உசுரோட இருக்கான்னு பாருங்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டிட்டு டியூப் நுனியை வாயில வச்சு உறிஞ்சி, நாக்கால அடைச்சுப் புடிங்க. பாயிண்ட் தட்டு நகர்ந்து அங்கேயே நிக்கோணும். நகர்ந்துட்டுத் திரும்பி வந்தா டயஃப்ரத்துல ஓட்டை. நகரவே இல்லீன்னா தட்டு இறுகிப்போச்சு, இல்ல ரப்பர் முழுசாக் கிழிஞ்சிருக்கு. சில வண்டியில ரெண்டு டியூபுக்கு நடுவுல சைக்கிள் வால்வு டியூப் சொருகி இருக்காங்க. சூட்டுல மெழுகு மாதிரி இளகி, இழுப்புக்கு உள்வாங்கி ஒட்டிக்குது. மீன்தொட்டி டியூப் ஆரம்பத்துல மெத்துன்னு இருக்கும், பெட்ரோல் ஆவி பட்டுப் பட்டு மஞ்சளாகி வெடிச்சுடுது. நிப்பிளைவிட ஒரு சுத்து சின்னதா பெட்ரோல் ஹோஸ் வாங்கி, சூடு தண்ணியில நனைச்சு ஏத்துங்க. கிளிப் இல்லாமயே புடிச்சுக்கும்.

மார்க்2_மதுரை
மீன்தொட்டி டியூப் அவசரத்துக்குன்னுதான் சொன்னேன். அதை விடுங்க. அண்ணே 35க்கு இன்னும் பதில் சொல்லல. அவரு கணக்கையே அவருகிட்ட காட்டுறேன். 14/0.30 வயர் 8.75 தாங்கும்னாரு. அதுக்கு 15 ஃப்யூஸ் போடுன்னாரு, மிஞ்சிப்போனா 20ன்னாரு. 28/0.30 வயருக்கே 17.5ன்னு எழுதினதும் அவருதான். 20 எப்படி சரி? 35 வயரை எரிக்கும்னா 20ம் எரிக்கும்தானே?

சாலிடர்_சாமி
இதுக்குப் பதில் வரட்டும், பாப்போம்.

டெஸ்ட்லேம்ப்
வருது. நேரா பாடியில் ஷார்ட் ஆனா அம்பது ஆம்பியருக்கு மேலே போகும். 15ம் 20ம் கண் சிமிட்டறதுக்குள்ள போயிடும். பாதி ஷார்ட், இறுகின வைப்பர், இதெல்லாம் 25, 30ல மெதுவா ஓடும். அங்கேதான் 35 பிளேடு சும்மா வேடிக்கை பார்க்கும். கிளை வயரை முழுசாக் காப்பாத்தணும்னா ஒவ்வொரு பச்சைக்கும் தனி இன்லைன் ஃப்யூஸ் போடுங்க, பிரேக் லைட்டுக்கு 5, வைப்பருக்கு 7.5.

அப்படியே எர்த்தையும் பாருங்க. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற பின்னல் பட்டையைக் கழட்டிட்டு மறந்துபோற இடம் நிறைய. ஸ்டார்ட்டர் சுத்தும்போது கரண்டு சோக் கேபிள் வழியாத் திரும்பும். டேஷ்போர்டில் சோக் கைப்பிடி தொட முடியாம சுட்டா அதுதான். மல்டிமீட்டர் ஒரு முனை இன்ஜின் பிளாக்கில், ஒரு முனை பேட்டரியோட எர்த் கம்பத்தில் வச்சு செல்ஃப் அடிங்க. அரை வோல்ட்டுக்கு மேலே காட்டினா பட்டையோ பேட்டரி எர்த் கேபிளோ போச்சு.

மார்க்2_மதுரை
சோக் கேபிளுக்குப் போயிட்டாரு. அப்போ லூகாஸ் ஒரே ஃப்யூஸ் வச்சது தப்பு, நாம ஒவ்வொண்ணுக்கும் தனியாப் போடணும். சரி. ஒரிஜினல் ஒரிஜினல்னு எழுதற மனுஷன் ஒரிஜினலையே திருத்துறாரு.

டெஸ்ட்லேம்ப்
லூகாஸ் வச்சது 17 தாங்கி 35ல உருகுற ஃப்யூஸ். நீங்க வைக்கச் சொல்றது 35 தாங்குற ஃப்யூஸ். கண்ணாடிக்குள்ள ஒரு காகிதச் சீட்டு இருக்கும், வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்க. பிற்பாடு வந்த லூகாஸ் ஃப்யூஸ் சீட்டில் தொடர்ந்து 17, உருகுறது 35ன்னு ரெண்டும் அச்சாகியிருக்கும்.

மார்க்2_மதுரை
பார்த்தாச்சு அண்ணே. என்கிட்ட இருக்கிற நாலு ஃப்யூஸையும் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். நாலு சீட்டிலும் 35 மட்டும்தான். 17ன்னு எங்கேயும் இல்லை.

டெஸ்ட்லேம்ப்
அப்போ அது பழைய சீட்டு. இல்லைன்னா இப்போ கடையில் வர்ற கண்ணாடி ஃப்யூஸ், அதோட 35 பிளேடு மாதிரி தொடர்ந்து தாங்குறது. கடையில் வந்ததா இருந்தா கழட்டி ஓரத்தில் வைங்க, அதுவும் அந்தப் பெட்டிக்கு ஆகாது.

மார்க்2_மதுரை
பழைய சீட்டுல 35. புது சீட்டுலயும் 35. அதைத்தான் நேத்துலேருந்து சொல்றேன்.

நீலகிரி_செகண்ட்கியர்
ஐட்லிங் சூடு பத்திக் கேட்டேன். இன்னும் பதில் இல்லை.