மசாஜ் தெரபி படிக்கப் போகிறீர்களா? சேருவதற்கு முன் கையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்

புதிதாக வெளிநாடு வந்தவர்கள் "சீக்கிரம் படித்து முடித்து வேலைக்குப் போகிற மாதிரி ஒரு கோர்ஸ் சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும், யாராவது ஒருவர் மசாஜ் தெரபி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். தப்பான யோசனை இல்லை. பகுதிநேரமாகச் செய்யலாம், பேச்சுமொழி கொஞ்சம் தட்டுத்தடுமாறினாலும் ஆரம்பத்தில் சமாளிக்கலாம், பிசியோதெரபியோ நர்சிங்கோ படித்துவிட்டு வந்து இங்கே பதிவு கிடைக்கக் காத்திருப்பவர்களுக்கு உடற்கூறியல் பாதி ஏற்கனவே தெரியும். ஆனால் இது முழுக்க உடம்பால் செய்கிற வேலை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் பல வருஷமாக இதே தொழிலில் இருக்கிறேன், புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கட்டணம் கட்டி, தேர்வெழுதி, உரிமம் வாங்கி, இரண்டு மூன்று வருஷத்திலேயே கை வலி தாங்காமல் வேறு வேலை தேடிப் போனவர்கள் நிறையப் பேரைத் தெரியும். அதனால் கோர்ஸ், சம்பளம், வேலையிடம் எல்லாவற்றையும் "என் கை இதைப் பத்து வருஷம் தாங்குமா" என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடச் சொல்வேன்.

முதலில் உரிமம், சுருக்கமாக. நாட்டுக்கு நாடு, ஏன் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கனடாவில் ஒன்டாரியோவில் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாமல் மசாஜ் தெரபிஸ்ட் என்று பெயர் போட்டுக்கொள்ளவே முடியாது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பு முடித்து, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும் எழுத வேண்டும். ஆல்பர்ட்டாவில் அப்படி ஒரு சட்டப் பதிவு இல்லை, மசாஜ் தெரபிஸ்டுகள் சங்கத்தின் உறுப்பினர் அட்டையை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனங்கள் பார்க்கும். அமெரிக்காவில் நியூயார்க் 1000 மணி நேரப் பயிற்சி கேட்கும், டெக்சாஸ் 500 மணி நேரத்தோடு விட்டுவிடும். பிரிட்டனில் சட்டப்படியான கட்டாயப் பதிவு கிடையாது, ஆனால் லண்டனில் பல உள்ளாட்சிகளில் மசாஜ் நடக்கும் இடத்துக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். ஆஸ்திரேலியாவில் ரெமீடியல் மசாஜ் (வலி, காயத்துக்கான சிகிச்சை மசாஜ்) டிப்ளோமா இருந்தால்தான் தனியார் மருத்துவக் காப்பீட்டில் வாடிக்கையாளர் பணம் திரும்பக் கேட்க வழி உண்டு. ஆகவே பணம் கட்டுவதற்கு முன், பள்ளியின் விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு, உரிமம் கொடுக்கிற அமைப்பின் பட்டியலில் அந்தப் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் பொழுதுபோக்குக்குப் போகலாம், பிழைப்புக்குப் போகாதீர்கள்.

பட்டியலில் இருக்கிற பள்ளிகளிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. சேரும் முன் ஒரு செய்முறை வகுப்பை ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் மாணவர்களின் கையை மட்டும் திருத்துகிறாரா, காலையும் இடுப்பையும் சேர்த்துத் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். "இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து" என்று மட்டுமே சத்தம் கேட்டால் அங்கே கட்டிய பணத்தைப் பிறகு வைத்தியத்துக்கும் ஒருமுறை கட்ட வேண்டிவரும்.

சரி, கை ஏன் போகிறது என்பதற்கு வருவோம். குற்றவாளி பெரும்பாலும் கட்டைவிரல்தான். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால், கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டை ஒட்டியிருக்கிற மூட்டில் அது சுமார் பன்னிரண்டு கிலோவாக இறங்குகிறது என்று மூட்டு இயக்கவியலில் கணக்கிட்டிருக்கிறார்கள். நுனியில் எளிதாகத் தெரிகிற அழுத்தம் அடியில் இத்தனை மடங்காகும்போது, ஒரு நாளில் ஐந்து பேருக்கு முதுகு பிடித்துவிட்டால் அந்தச் சின்ன மூட்டு என்ன பாடுபடும் என்று நீங்களே பாருங்கள். இப்போதே கட்டைவிரலை மேசைமேல் ஊன்றி அழுத்திப் பார்க்கலாம். நுனி மூட்டு பின்பக்கமாக வளைந்து நகம் வெளுக்கிறதா? அப்படியானால் உங்கள் கட்டைவிரல் இளகலான வகை, ஆழமான அழுத்தத்துக்கு அதை நம்பவே கூடாது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படித்தான் இருக்கும், அதனால் தொழிலை விட வேண்டியதில்லை, விரலுக்குப் பதில் முன்னங்கையை ஆரம்பத்திலிருந்தே பழக்கிக்கொண்டால் போதும்.

முன்னங்கை என்றால் முழங்கை முனை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, சதைப்பற்றான தட்டையான பகுதி இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். முதுகு, தொடை, பிட்டம் மாதிரி பெரிய பரப்புகளுக்கு அதுவே போதும். முழங்கை முனையை எப்போதாவது ஓரிடத்தில் நிறுத்திப் பிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னங்கை நகரும்போது அந்தப் பக்கத்து விரல்கள் தளர்ந்து தொங்க வேண்டும்; முஷ்டியை இறுக்கிக்கொண்டே நீவினால் ஓய்வு கொடுக்க நினைத்த தசைகளையே மறுபடி வேலை வாங்குகிறீர்கள். கட்டைவிரலைப் பயன்படுத்தியே ஆக வேண்டிய கழுத்து, பாதம் போன்ற இடங்களில் அடுத்த கையின் விரல்களை அதன்மேல் வைத்துத் தாங்கல் கொடுங்கள், மணிக்கட்டும் கட்டைவிரலும் ஒரே கோட்டில் இருக்கட்டும்.

அழுத்தம் எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு நான் புதியவர்களுக்குச் செய்யச் சொல்கிற ஒரு பயிற்சி உண்டு. வீட்டில் எடை பார்க்கிற மெஷினை மசாஜ் மேசைமேல் வையுங்கள். நேராக நின்றுகொண்டு, கைபலத்தால் எட்டு கிலோ காட்டும்வரை அழுத்தி அப்படியே அரை நிமிஷம் பிடியுங்கள். தோள் காதை நோக்கி ஏறும், மூச்சு நிற்கும், முள் ஆடிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, கையை நீட்டி, முன்னங்காலின் முட்டியை மடக்கி உடம்பை முன்னே சாயவிடுங்கள். அதே எட்டு கிலோ வரும், முள் ஆடாமல் நிற்கும், அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூட முடியும். அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் பின்னங்காலை இன்னும் கொஞ்சம் பின்னே தள்ளுங்கள். கையில் பலம் கூடவே கூடாது. இதைப் பத்து நாள் விடாமல் செய்தால் உடம்பு பிடித்துக்கொள்ளும்.

இது எதுவும் நடக்க வேண்டுமென்றால் மேசை உயரம் சரியாக இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல் முட்டிகள் மேசையின் மேற்பரப்பைத் தொட வேண்டும் என்று பயிற்சியில் சொல்வார்கள். தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் ஆள் படுத்ததும் கணக்கு மாறிவிடும். பருமனான ஒருவர் ஒருக்களித்துப் படுத்தால் நீங்கள் வேலை செய்கிற பரப்பு ஒரு சாணுக்கு மேல் உயர்ந்துவிடும், அப்போது சாய முடியாமல் தோளைத் தூக்கித்தான் அழுத்துவீர்கள். அதனால் வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போது சம்பளம் கேட்பதற்கு முன்னால் மேசையைப் பாருங்கள். பெடலாலோ மோட்டாராலோ உயரம் மாறுகிற மேசை இருந்தால் அந்த இடத்துக்குச் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நான் போவேன். கால்களைக் கழற்றி மாட்டி உயரம் மாற்றுகிற மேசை என்றால், குள்ளமானவரும் உயரமானவரும் ஒரே அறையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது யாரும் மாற்ற மாட்டார்கள், நேரம் இருக்காது.

நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. முழுநேர வேலை என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவராதீர்கள். கை வைத்துச் செய்கிற நேரம் வாரத்துக்கு 20, 25 மணி என்றாலே அனுபவசாலிகள் பலர் முழுநேரமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பணத் தேவை அதிகம், வாடகை, கடன், வீட்டுக்கு அனுப்புவது என்று எல்லாம் சேர்ந்து நெருக்கும். பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன்தான், காத்திருக்கிற நேரத்துக்குக் காசு கிடையாது. அதனால் வருகிறவரையெல்லாம் வாங்கிக்கொள்ளத் தோன்றும். முதல் மூன்று மாதமாவது ஒரு நாளுக்கு எத்தனை பேர் என்று வாய்விட்டுப் பேசி வரம்பு வைத்துக்கொள்ளுங்கள், படிப்படியாகக் கூட்டலாம். தசையைவிட, அதை எலும்போடு இணைக்கிற தசைநாண்கள் பழகுவதற்கு அதிக நாள் பிடிக்கும். உற்சாகத்தில் முதல் மாதமே ஆறு பேர், ஏழு பேர் என்று எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ரிசப்ஷனில் இருப்பவரிடம் நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், இது அரசியல் மாதிரி தோன்றினாலும் மிகவும் தேவை: ஆழமான அழுத்தம் கேட்கிற மூவரை அடுத்தடுத்துப் போடுவதும், நடுவில் மென்மையான மசாஜ் ஒன்றைச் செருகுவதும் அவர் கையில்தான் இருக்கிறது. ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் கால்மணி நேரமாவது வேண்டும், துணி மாற்றுகிற நேரத்தை ஓய்வு என்று கணக்கில் எழுதுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அறிகுறிகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில், எலும்பு முட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் வலி. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் சுரீர் என்று இழுக்கிறது என்றால், அது தசைநாண் உறை வீக்கமாக இருக்கலாம். 1895-இல் அதை விவரித்த சுவிஸ் மருத்துவர் டி குவெர்வெய்ன் பெயரில்தான் டாக்டர்கள் சொல்வார்கள். நல்ல கையிலும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும், அதனால் இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், ராத்திரி விழித்து எழுந்து கையை உதறுகிறீர்கள் என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது, கார்பல் டனல் என்பது அதுதான். சுண்டுவிரல் பக்கம் மட்டும் மரத்தால் அது வேறு நரம்பு, முழங்கையில் அழுத்தம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எதுவானாலும் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடமோ பிசியோவிடமோ காட்டிவிடுங்கள். நம் கையை நாமே பிடித்துவிட்டுச் சரிசெய்துகொள்கிற ஆசை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு; வலிக்கிற ஒரு கையைக் காப்பாற்ற மற்றதை வேலை வாங்கி இரண்டையும் கெடுத்துக்கொள்வதுதான் நடக்கும். இதற்கும் முந்தைய கட்டத்திலேயே பிடித்துவிடலாம்: காலையில் விரல் விறைப்பு, பாட்டில் மூடி திறக்கத் தடுமாற்றம், கையிலிருந்து பொருள் நழுவுவது. வலி இல்லையே என்று இவற்றை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது புதியவர்கள் ஏமாறுகிற இடம். "உன்னை கான்ட்ராக்டராக எடுத்துக்கொள்கிறேன், கையில் கூடுதல் காசு" என்பார்கள். அப்படிப் போனால் பல நாடுகளில் வேலையில் ஏற்படும் காயத்துக்கான இழப்பீடு தானாகக் கிடைக்காது. ஒன்டாரியோ மாதிரி சில இடங்களில் சுயதொழில் செய்கிறவர் விருப்பப்பட்டு அந்தக் காப்பீட்டைக் காசு கட்டி வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். "எனக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று உரிமத்தோடு வாங்கிய பாலிசியைக் காட்டாதீர்கள். அது வாடிக்கையாளருக்கு ஏதாவது ஆகி உங்கள்மேல் வழக்குப் போட்டால் உதவும், உங்கள் மணிக்கட்டுக்கு ஒரு பைசா தராது. சம்பளத்துக்கு இருக்கிறவர்கள் வலி தொடங்கிய வாரமே மேலாளருக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள், ஒரு மின்னஞ்சல் போதும், தேதி பதிவாகிவிடும். விசா போய்விடுமோ என்று பயந்து மறைத்து, ஆறு மாதம் கழித்துச் சொன்னால் வேலையால்தான் வந்தது என்று நிரூபிப்பது பெரிய தலைவலி.

மற்ற கேள்விகளுக்கும் இங்கேயே பதில் போட்டுவிடுகிறேன்.

வயது 45 தாண்டிவிட்டது, சேரலாமா என்று கேட்ட அக்காவுக்கு: தாராளமாகச் சேருங்கள். வயதானவர்களுக்கான மசாஜ், நிணநீர் வடிகால் மசாஜ் போன்ற மெல்லிய அழுத்த வகைகளை இலக்காக வைத்துப் படியுங்கள். டீப் டிஷ்யூ என்கிற ஆழமான அழுத்த மசாஜ் மட்டுமே ஓடுகிற ஸ்பா உங்களுக்கு வேண்டாம். ஏற்கனவே மூட்டு வாதம் இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கட்டணம் கட்டுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது வேலையைத் தொடரலாமா என்று கேட்ட தங்கைக்கு: பலர் தொடர்கிறார்கள். ஆனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிற அந்த மாதங்களில் கார்பல் டனல் வருவது சகஜம், வயிறு முன்னே வந்த பிறகு மேசையை ஒட்டி நின்று சாயவும் முடியாது. பக்கவாட்டில் நின்று வேலை செய்கிற முறைகளுக்கும் உட்கார்ந்து செய்கிற தலை, கழுத்து, பாத மசாஜுக்கும் மாற்றிக் கேளுங்கள்.

கருவிகள் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: மரக்கட்டை, கல் எல்லாம் கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுக்கும், உண்மைதான். ஆனால் மெல்லிய பிடியுள்ள கருவியை இறுக்கிப் பிடித்தால் வலி கட்டைவிரலிலிருந்து முன்னங்கைக்கு இடம் மாறும், அவ்வளவே. உள்ளங்கை நிறையப் பிடிக்கக்கூடிய தடிமனான, வழுக்காத பிடியாகப் பாருங்கள். அதிர்வு மசாஜ் கன் என்றால் ஒரு வாடிக்கையாளருக்குச் சில நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், நாள் முழுக்க அதையே பிடித்துக்கொண்டிருந்தால் அதிர்வு உங்கள் கைக்கும்தான் வருகிறது. அப்புறம், கல் சூடு பண்ணுகிற இடத்தில் வேலை என்றால் ஈரக் கையோடு கல்லைத் தூக்கப் பழகாதீர்கள், நழுவாமல் இருக்க இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொண்டு கையைத் துடைத்துவிட்டு எடுங்கள்.